இலையை வெட்டச் சொன்ன குரல்

பயந்துவிட்டீர்களா அக்கா? நான்தான். மூன்று வீட்டிலும் நான்தான்.

முதல் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள். "யாரு அது, செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க, இப்பத்தான் மொழுகுனேன்" என்று ஒரு பொம்பளை கத்தினாளே, அது செல்லத்தாய் மதினி. அதாவது மதினியின் குரல். ஆள் திருப்பூரில் பனியன் மடித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது வீட்டில் "டீயா காப்பியா, சீனி கம்மியா" என்று கேட்டது டீக்கடை ஞானப்பழம் அண்ணாச்சி. அவர் கடைத் தகரம் இன்னும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பனைமரத்தில் சொருகிக்கொண்டு நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது வலது பக்கம் பாருங்கள். மூன்றாவது வீட்டில் ஆடு கத்தியது. அதுவும் நான்தான். நீங்கள் ஆட்டிடம் போய், "வணக்கம்மா, நாங்க காலேஜ்லேர்ந்து வர்றோம், போன வருஷச் சூறாவளி பத்தி ஒரு சின்ன சர்வே" என்றீர்களே! சத்தியமாக என் வயிறு வலிக்கிறது.

உங்கள் குரல் எளிது. ஒவ்வொரு வாக்கியத்தையும் மேலே தூக்கி முடிக்கிறீர்கள், டிக்கெட்டைத் தொலைத்தவர் செக்கரிடம் பேசுகிற மாதிரி. கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குப் பிடித்தவர்கள் குரலைத்தான் நான் எடுப்பேன்.

என் பெயர் முத்துப்பேச்சி. பேச்சி என்றால் போதும். பிளஸ் டூ. படிவத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தெருவில் வீடு பதினொன்று, ஆள் இருப்பது இரண்டில். ஒன்று எங்கள் வீடு. நானும் அத்தையும். அத்தை தூத்துக்குடி மீன் கம்பெனிக்குக் காலை வேனில் போனால் இருட்டித்தான் வருவாள். இன்னொன்று பக்கத்து வீடு, தவசிக்கனிப் பெரியப்பா.

எங்கே எழுந்திருக்கிறீர்கள்? அங்கே போக வேண்டாம். அவர் இல்லை. சரி, இருக்கிறார். ஆனால் போக வேண்டாம். ஏரலில் யாரோ சொல்லித்தானே வந்தீர்கள், காற்று வருமுன்னே ஒருவருக்குப் போனில் தகவல் வரும் என்று? எனக்குத் தெரியும். எல்லாரும் அவரைத் தேடித்தான் வருகிறார்கள். நீங்கள் போய், "உங்களுக்குப் பேசினது யாரு ஐயா" என்று தூக்கித் தூக்கிக் கேட்பீர்கள். அவர் யோசிப்பார். யோசித்தால் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆவடிக்குப் போய்விடுவார். மகள் அங்கேதான் இருக்கிறாள், மாதா மாதம் கூப்பிடுகிறாள். "அந்தக் குரலு இன்னொரு மட்டம் வராமலா போவும், நான் இங்க இருந்தாத்தான சரி" என்று சொல்லித்தான் அவர் இந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார். அவரும் போய்விட்டால் தெருவில் ஆள் இருக்கிற வீடு...

நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். கழித்தல் கணக்குதான். என்னைக் கேட்காதீர்கள், நான் கணக்கில் மோசம்.

வாருங்கள், பின்பக்கம் துவைகல்லில் உட்காருவோம். முன்பக்கம் வெயில். அந்த ஜன்னலா? அவர் அடுப்படி ஜன்னல்தான். ஐப்பசிக் காற்றில் சட்டம் முறுக்கிக்கொண்டு சாத்தியே கிடந்தது. போன மாதம் நெம்பித் திறந்து, மறுபடி சாத்திக்கொள்ளாதபடி கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார். காற்று வரட்டும் என்றார். காற்று போதாதா இவருக்கு! பயப்படாதீர்கள், இந்த நேரம் தூங்குவார். உங்கள் பஸ் ஐந்தரைக்கு. அதற்குள் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படிவத்தில் கட்டம் இருப்பதை மட்டும் எழுதுங்கள். மற்றதைக் கேட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

போன வருஷம் சித்திரை. லீவு. மாரிக்கனியும் நானும் இதே கல்லில் உட்கார்ந்திருந்தோம். மாரிக்கனி என் கூட்டுக்காரி, அந்த ஆட்டு வீடு அவள் வீடுதான். அவள்தான் என் முதல் ரசிகை. நான் எந்தக் குரல் போட்டாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அன்று புதிதாக ஒரு குரல் எனக்கு வந்திருந்தது. ஏரல் வாழை இலை மண்டி பொன்பாண்டி அண்ணாச்சி. கஷ்டமான குரல் அக்கா. தொண்டைக்கு அடியில் ஒரு பானையை வைத்து அதற்குள் பேச வேண்டும். பேசி முடித்தால் மறுநாள் வரைக்கும் எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

மண்டி வழக்கம் உங்களுக்குத் தெரியாது இல்லையா? முதல் நாள் சாயங்காலம் அண்ணாச்சியிடமிருந்து ஒரு போன் வரும். இத்தனை கட்டு இலை என்பார். விடியும் முன்னே அறுத்துக் கட்டி ரோட்டில் வைத்துவிட வேண்டும், வண்டி வந்து ஏற்றும். மறுபேச்சுக் கிடையாது. திருப்பிக் கேட்டால் அடுத்த வாரம் போன் வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் யாரும் கேட்க மாட்டார்கள். குரல் சொன்னால் சொன்னதுதான்.

அம்மாவின் பழைய போனை எடுத்துப் பெரியப்பாவுக்குப் போட்டேன். அவர் போனில் கண்ணாடி செத்துப்போய் வருஷம் இரண்டு. நம்பர் தெரியாது, சத்தம் மட்டும்தான்.

"தவசி, பொன்பாண்டி பேசுதேன், கேட்டீரா. நாளைக்குப் பெரிய எடத்துக் கல்யாணம், நாலாயிரம் எலை விழும், கேட்டீரா. ஒம்ம தோட்டம் முழுக்க எறக்கிரும். குருத்த மட்டும் விட்டுட்டு மிச்சத்தையெல்லாம் அறுத்துரும்."

"முழுசுமா அண்ணாச்சி? தாரு இருக்கே மரத்துல."

"வெளஞ்ச தாருதான வே. ஒண்ணும் ஆவாது. முழுசும்!"

மாரிக்கனி கல்லிலிருந்து கீழே விழுந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து பெரியப்பா ரோட்டோரம் இலைக்கட்டுகள் மேல் உட்கார்ந்திருந்தார், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி. வண்டி வரவில்லை. பத்து மணிக்கு ஊரே கூடிவிட்டது.

"என்ன தவசி, மாப்ள ஓடிட்டானோ?"

"பொண்ணுல்லா ஓடிட்டாளாம்!"

"அப்ப நாலாயிரம் பேரு சாப்பாட்டையும் நாமதான் சாப்டணும். எலையாவது குடும் வே."

அன்று மத்தியானம் எங்கள் ஊரில் தட்டில் சாப்பிட்டவர் யாருமில்லை. பழைய சோற்றைக்கூட இலை போட்டுத்தான் சாப்பிட்டார்கள். ஆடுகளுக்கு வயிறு உப்பியது. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுகிற மாதிரி சிரித்தேன். என் வாழ்க்கையிலேயே பெரிய வெற்றி அது.

மூன்று மணிக்குக் காற்று வந்தது.

ஐந்து நிமிஷம்தான் அக்கா. நீங்கள் சூறாவளி என்கிறீர்கள், நாங்கள் சுழிக்காற்று என்போம். ஊர் முழுக்க அடிக்காது. அதற்கு ஒரு பாதை. தெற்கு வயலில் நுழைந்தது, வாய்க்கால் தண்ணீர் எழுந்து நின்றது, அவ்வளவுதான். வாழையெல்லாம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தால் சாதாரணக் காற்று என்று சொல்லலாம். இது பாய் பின்னுகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாய்ப் போட்டுவிட்டுப் போயிருந்தது. வாழைக்கு இலைதான் எமன். பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொள்ளும், மரம் இடுப்பில் ஒடியும். தெற்கு வயலில் ஒரே ஒரு தோட்டம் நின்றது. இலையே இல்லாமல், மொட்டைத் தலையோடு, தாரைச் சுமந்துகொண்டு. யார் தோட்டம் என்று சொல்ல வேண்டுமா?

அன்று சாயங்காலம் ஞானப்பழம் அண்ணாச்சி கடையில் பேச்சு. கடைக்குத் தகரம் போய்விட்டது, அடுப்பு மட்டும் இருந்தது. அப்போதும் டீ போட்டார்.

"பொன்பாண்டிக்கு எப்படித் தெரிஞ்சிது வே?"

"அவன்கிட்ட கேட்டாச்சி. நான் பேசவே இல்லங்கான்."

"நான் பச்சைப் பட்டனை ரெண்டு மட்டம் அமுக்கிப் பாத்தேன்" என்றார் பெரியப்பா. அப்படி அமுக்கினால் கடைசியாகப் பேசின ஆளுக்குப் போகுமாம். "அணைச்சி வச்சிருக்குன்னு ஒரு பொம்பள சொல்லுதா."

"அப்ப சொடலதாம் வே பேசிருக்காரு. பொன்பாண்டி வாயில வந்து பேசிருக்காரு."

"சொடலைக்கு ஏது வே போனு?"

"அவரு நெனச்சா டவர் எதுக்கு?"

நான் சர்க்கரை வாங்க வந்தவள், அங்கேயே நின்றேன். சொல்லியிருக்கலாம் என்கிறீர்களா? எதை? நான் ஒரு தோட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். சொன்னால் அப்பா தோலை உரிப்பார். சொல்லாவிட்டால் நான் சுடலைமாட சாமி. நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்?

வைகாசியில் அடுத்தது. இந்தத் தடவை கிழக்கு வயல், அப்படியே எங்கள் பள்ளிக்கூட ஓடு. ஞாயிற்றுக்கிழமை, அதனால் பிள்ளைகள் பிழைத்தோம். எழுதுங்கள், அது உங்கள் படிவத்தில் இருக்கும். படிவத்தில் இல்லாதது, அதற்குப் பிறகு நடந்தது. ஊரே பெரியப்பாவைச் சுற்றிக்கொண்டது.

"ஏன் வே முன்கூட்டிச் சொல்லல?"

"போன் வரலியேப்பா."

"ஒமக்கு வந்திருக்கும். அமுக்கிட்டீரு. ஒம்ம தார வெட்டி வித்தாச்சில்லா, எங்க தாரு போனா ஒமக்கு என்ன?"

அன்றிலிருந்து அவர் கடைக்கு வந்தால் ஞானப்பழம் அண்ணாச்சி கிளாஸைக் கவிழ்த்து வைப்பார். "பால் தீந்துட்டு." தினமும் பால் தீர்ந்துவிடும். குழாயடியில் செல்லத்தாய் மதினி அவர் குடத்தைப் பார்த்தால் தன் குடத்தைத் தள்ளி வைப்பாள். அவர் இருமிக்கொண்டு போவார். அவருக்கென்று ஒரு இருமல் உண்டு. இரண்டு சின்னது, ஒரு பெரியது. ஸ்டார்ட் ஆகாத மோட்டார் மாதிரி. அதை நான் எடுக்கவே மாட்டேன். எடுத்தால் சிரிப்பு வர மாட்டேன் என்கிறது.

சாயங்காலமானால் போனை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும்.

அதனால்தான் செய்தேன் அக்கா. விளையாட்டுக்கு இல்லை. சத்தியமாக இல்லை. ஆடியில் ஒரு நாள், தென் மாவட்டங்களில் சூறைக்காற்று வீசக்கூடும் என்று ரேடியோவில் சொன்னார்கள். நல்ல குரல் அந்த ஆளுக்கு, இஸ்திரி போட்ட குரல். இப்போது சொன்னால், காற்று வந்தால், பெரியப்பா பேர் நிமிரும். கிளாஸ் நிமிரும். அவ்வளவுதான் நினைத்தேன். ரேடியோக்காரர் சொன்னதைத்தான் நான் சொன்னேன், குரல் மட்டும்தான் மாற்றினேன். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது?

"தவசி, கேட்டீரா. நாளைக்கு எலையெல்லாம் எறக்கிரும்."

அவர், "அண்ணாச்சி, எனக்கு மட்டுமா, ஊருக்கா?" என்றார்.

நான் யோசிக்கவில்லை. "ஊருக்கு" என்றேன்.

செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினார். ஒவ்வொரு கதவாகத் தட்டினார். "வந்துட்டு, போன் வந்துட்டு, எல்லாருக்கும் சொல்லுதேன், பொறவு என்னச் சொல்லக்கூடாது!" அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

மிச்சமிருந்தது மேற்கு வயல் ஒன்றுதான். ஊரில் எல்லாருக்கும் அதில் ஒரு துண்டு உண்டு. அப்பாவுக்கும். தார் அப்போதுதான் தள்ளியிருந்தது, விரல் விரலாகப் பிஞ்சு. விடியற்காலையில் ஊரே அரிவாளோடு போனது. நான் அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். பிஞ்சுத் தார் மரத்தில் இலையை முழுக்க எடுத்தால் காய் பெருக்காது, வெயிலில் வெந்துபோகும். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் காற்று வந்தால் மரமே போய்விடும். அதனால் வெட்டுகிறார்கள். அப்பா முதல் மரத்தில் அரிவாளை வைத்தார்.

"அப்பா, வேண்டாம்ப்பா."

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மான்னா? தவசியண்ணன் சொல்லிட்டாருல்லா. அங்கிட்டுத் தள்ளி நில்லு, பாலு தெறிக்கும்."

தள்ளி நின்றேன். எனக்கு அன்று எத்தனை குரல் வரும் தெரியுமா? இருபத்தாறு. ஒன்றில்கூட அதைச் சொல்ல முடியவில்லை.

காற்று வரவில்லை.

அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. நல்ல வெயில். அசைவதற்கு இலையே இல்லை. பத்து நாளில் தார்க்காம்பு கறுத்து மடங்கித் தொங்கியது. காற்று மிச்சம் வைத்த வயலைக் காற்றே இல்லாமல் நாங்களே அழித்தோம். அந்தக் கட்டம் உங்கள் படிவத்தில் இருக்கிறதா? காற்று வராததால் ஏற்பட்ட சேதம்? இல்லையா? நினைத்தேன்.

வந்து பெரியப்பாவைக் கேட்டார்கள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னென்ன வார்த்தை! செல்லத்தாய் மதினி மண்ணை வாரி எறிந்தாள். அப்பா கத்தவில்லை. "உங்கள நம்புனேனே அண்ணே" என்றார், அவ்வளவுதான். பெரியப்பா, "எனக்குக் கேட்டதச் சொன்னேன்" என்றார். இன்னும் இரண்டு தடவை அதையே சொன்னார். அப்புறம் அதையும் நிறுத்திவிட்டார்.

எல்லாரும் போன பிறகு எங்கள் பின்வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு அன்னைக்கே தொண்ட கட்டியிருந்துதே பேச்சி. இப்பம் சரியாயிட்டா?"

"சரியாயிட்டு பெரியப்பா."

"சுக்கு தட்டிப் போட்டுக் குடி. தொண்டயப் பாத்துக்க." செம்பைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

பாருங்கள் அக்கா, ஊரே காறித் துப்புகிறது, அந்த நேரத்திலும் மனுஷனுக்கு என் தொண்டை ஞாபகம். அவ்வளவு வெள்ளை மனசு. அவரைப் போய் ஏமாற்றிவிட்டோமே என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. யார் கவனித்தார்கள்? அவர் கவனித்தார். ஒரு சட்டி கூழ் வந்தது.

ஐப்பசியில் மூன்றாவது காற்று. அது தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஒன்பது வீட்டுக் கூரை. அப்போது யாருக்கும் போன் வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகப் பூட்டு. முதலில் ஆட்டு வீடு. மாரிக்கனி டிசி வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். "ஏட்டி, ஒரே ஒரு தடவ பொன்பாண்டி கொரலு போடேன்" என்றாள். போட்டேன். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் போன பிறகுதான் யோசித்தேன், மாரிக்கனிக்கு எல்லாமே தெரியுமே, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாளே என்று.

அப்புறம் செல்லத்தாய் மதினி, அப்புறம் ஞானப்பழம் அண்ணாச்சி. கார்த்திகையில் அப்பா, பனியன் கம்பெனிக்கு. மார்கழியில் அம்மாவும் அங்கேயே. "பரீட்சை முடிஞ்சதும் ஒன்னயக் கூட்டிட்டுப் போயிருவேன், அதுவரைக்கும் அத்தையோட இரு" என்றாள். இருக்கிறேன். எனக்கென்ன குறை? எந்த வீட்டுக்கும் போகலாம், யாராகவும் பேசலாம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒவ்வொரு வாசலாக நின்று அவரவர் குரலில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவேன். தெரு தெருவாக இருக்க வேண்டாமா?

ஒரு நாள் பார்த்தேன், பெரியப்பா வாசலில் போனை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பாவமாக இருந்தது. இந்தக் கல்லுக்கு வந்து போன் போட்டேன். செல்லத்தாய் மதினியாக.

"பெரியப்பா, நான் செல்லத்தாயி, எப்படி இருக்கிய, அன்னைக்கு மண்ண எறிஞ்சத மனசுல வச்சிக்காதிய, இங்க ஒரே குளிரு..."

பொம்பளைக் குரல் போடுகிற ஆம்பளைகள் மூக்கால் பேசுவார்கள், கேட்டிருக்கிறீர்களா? அது தப்பு. ஆள் மூக்கில் இல்லை. மதினி ஒரு வார்த்தை முடியுமுன்னே அடுத்ததை ஆரம்பிப்பாள், அந்த அவசரத்தில் இருக்கிறாள் அவள். அதைப் பிடித்துவிட்டால் போதும்.

அவர் எவ்வளவு நேரம் சும்மா இருந்தார் தெரியுமா? நான் மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன். அப்புறம், "செல்லத்தாயா? நல்லா இருக்கேன்த்தா. நீ நல்லாயிரு" என்றார்.

அதிலிருந்து தினமும். ஒரு நாள் மதினி, ஒரு நாள் டீக்கடை அண்ணாச்சி, ஒரு நாள் மாரிக்கனி. ஒரு தடவைகூட அவருக்குச் சந்தேகம் வந்ததில்லை. காற்று வருமா என்று மட்டும் யாரிடமும் கேட்க மாட்டார். அதற்குத்தான் காத்திருக்கிறார் என்று நினைத்தேன், கேட்கவே மாட்டேன் என்கிறார். என்னைப் பற்றித்தான் கேட்பார். யார் பேசினாலும். "பக்கத்து வீட்டுப் பேச்சி இருக்காளே, கணக்குல தேற மாட்டேங்கான்னு கேள்வி. நீ சொன்னாக் கேப்பா, கொஞ்சம் சொல்லேன்த்தா." நான் எனக்கே எப்படிச் சொல்வேன்? சிரிப்பை அடக்க முடியாமல் போனைப் பொத்திக்கொள்வேன்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ஒரு நாள் மதினியாகப் பேசும்போது, "கருவாட்டுக் கொழம்பு தின்னு எவ்வளவு நாளாச்சி" என்று சும்மா சொல்லி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் என் வாசலில் ஒரு தூக்குச்சட்டி. கருவாட்டுக் குழம்பு! இன்னொரு நாள் ஞானப்பழம் அண்ணாச்சி முறுக்கு என்றார். முறுக்கு வந்தது. எப்படித்தான் இப்படிப் பொருந்துமோ. அவர் சமைப்பது அவருக்கு, மிச்சம் எனக்கு. அவ்வளவுதான்.

எல்லார் குரலும் வரும் அக்கா, அம்மா குரல் மட்டும் வராது. முயற்சி பண்ணிப் பார்த்தேன். "ஏட்டி பேச்சி" என்று ஆரம்பிப்பேன், அது என் குரலாகவே நிற்கும். அம்மா பொங்கலுக்குப் பேசினாள். இப்போது மாசி. ஷிப்ட் மாற்றிவிட்டிருப்பார்கள். ஓவர்டைம் இருக்கும். முன்னெல்லாம் பெரியப்பாவிடம் பேசி முடித்ததும் நான் போனை அணைத்துவிடுவேன், இப்போது அணைப்பதில்லை. அம்மா கூப்பிடும்போது அணைந்திருந்தால் என்ன செய்வாள்?

போன ஞாயிற்றுக்கிழமை மதினியாகப் பேசுகிறபோது வாய் தவறி அதுவும் வந்துவிட்டது. "பேச்சி அம்ம ஒரு போனுகூடப் போடலியாம், அந்தப் புள்ள போனையே பாத்துக்கிட்டு கெடக்காம்" என்று. மதினி ஊர்க்கதை பேசாமல் இருப்பாளா, குரலுக்கு அது வேண்டும் இல்லையா? பெரியப்பா வெகுநேரம் பேசவே இல்லை. டவர் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிட்டேன்.

அவ்வளவுதான் கதை. இதை நீங்கள் அவரிடம் கேட்கக்கூடாது. கேட்டால் எல்லாம் போய்விடும். திட்டுவார் என்று பயமில்லை. திட்டினால் திட்டட்டும். இந்தப் பக்கம் கூப்பிட்டால் அந்தப் பக்கம் எடுக்க ஒரு ஆள் வேண்டும் அக்கா. அது மட்டும்தான். அவருக்காகத்தான் சொல்கிறேன். பாவம், தனி மனுஷன்.

இருங்கள். போன்.

இந்த நேரத்தில் யார்... அம்மாதான்! வேறு யார் எனக்குக் கூப்பிடுவார்கள்? ஸ்பீக்கரில் போடுகிறேன், நீங்களே கேளுங்கள்.

"ஏட்டி பேச்சி. நாந்தாம்ட்டி, அம்ம பேசுதேன்."

"..."

"ஏட்டி?"

"ம். சொல்லும்மா."

"சாப்டியா?"

"சாப்ட்டேன்."

"அம்மைக்கு இங்க வேல சாஸ்தி, கேட்டியா. அதாம் கூப்புட முடியல. நீ அதுக்காண்டி போனையே பாத்துக்கிட்டு இருக்கக்கூடாது. கணக்கப் படி. ஆடி மாசம் நடந்ததயும் மனசுல வச்சிக்கிட்டு கெடக்காத. பொறவு... தவசிப் பெரியப்பா ஆவடிக்கெல்லாம் போவலியாம். நான் கேட்டுட்டேன். ஒம் பரீட்ச முடியிற வரைக்கும் எங்கயும் போவலியாம்."

இருமல். இரண்டு சின்னது, ஒரு பெரியது.

பனியன் கம்பெனியில் பஞ்சு பறக்கும் அக்கா, அதுதான் இருமல். டவரும் சரியில்லை. அதனால்தான் மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கிறது. இரண்டு இரண்டாகக் கேட்கிறது இல்லையா, போனில் ஒன்று, ஜன்னல் பக்கம் ஒன்று? எதிரொலி. ஏன் அந்தப் பக்கம் திரும்புகிறீர்கள்? திரும்பாதீர்கள். பேனாவை மூடுங்கள். உங்கள் பஸ் வந்துவிட்டது பாருங்கள், ஆரன் கேட்கிறது, போங்கள்.

"ஏட்டி, இருக்கியா? கொரலு சரியில்லையோ? வச்சிரட்டா?"

"வைக்காத. வைக்காதம்மா. கொரலு நல்லாத்தான் இருக்கு. பேசு."